திரும்பி வரும் மேடம்

சொந்தத் தாயிடம் கேட்கக் கூடாத ஒரு கேள்வியை ஷோபனா தன் வாயாலேயே கேட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம் அது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். சுனாமி வந்த காலையில் ஷோபனா போர்ட் பிளேரில் கல்லூரி விடுதியில் இருந்ததால் பிழைத்தாள். அப்பாவும் இரண்டு தம்பிகளும் போய்விட்டார்கள். அம்மா செல்லம் மட்டும் ஒரு தென்னையில் சிக்கிக்கொண்டு மிஞ்சினாள். நிவாரண முகாமில் அம்மாவைத் தேடிப் பிடித்த ஷோபனா அங்கேயே தங்கினாள்.

முகாமுக்கு மெயின்லேண்டிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்த பெண் என்று ஷோபனாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிரே இருப்பது இவளுடைய அம்மாவா என்று அவர் கேட்கவும் இல்லை, ஆமாம் என்று இவள் சொல்லவும் இல்லை. எந்தப் பிள்ளையின் கையை முதலில் விட்டீர்கள் என்பது அவர் கேள்வி. ஷோபனா அதை வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னாள்.

"சின்னவன் கைதான்," என்றாள் செல்லம். "ஞாயித்துக்கிழமைன்னு எண்ணெய் தேச்சு விட்டிருந்தேன். வழுக்கிருச்சு." பிறகு மகளிடம், "அவருக்கு டீ குடுத்தியா?" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார், டீயைக் குடித்தார், போனார். அந்த எண்ணெய்க் கை எந்தப் புத்தகத்தில் போய்ச் சேர்ந்தது என்று செல்லம் சாகும்வரை யாரும் வந்து சொல்லவில்லை.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஷோபனா சமூகவியல் படித்தாள். சென்னையில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு தீவுக்கே திரும்பி, போர்ட் பிளேரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. ஆராய்ச்சி, கேட்கப்பட்டவர்களின் நிலைமையைக் கொஞ்சமாவது மாற்ற வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் காட்டாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. வேண்டாம் என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அதை நீக்கிவிட வேண்டும். முடிந்த பிறகும் திரும்பிப் போக வேண்டும். கப்பலுக்கும் பஸ்ஸுக்கும் அவள் செய்த செலவைப் பார்த்து மாணவர்கள் 'ரிட்டர்ன் டிக்கெட் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்த கணவன் சுதாகரும் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமை.

நடு அந்தமானில், ரங்கத் ஊருக்கு உள்ளே, மலையடியில், காட்டு நிலத்தை வெட்டிக் குடியேறிய கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பட்டா இல்லாததால் அரசாங்கக் குழாய் அங்கே வரவில்லை. அவர்களுக்குக் குழாய் வாங்கித் தர முடியுமா என்று பார்க்கத்தான் ஷோபனா போனாள்.

கூட்டம் எப்போதும் கருப்பாயி வாசலில்தான் நடந்தது. கருப்பாயியால் வீட்டை விட்டு நகர முடியாது. அவள் புருஷன் கிருஷ்ணமூர்த்தி பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மலம் போனால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். தோல் ஈரமாகக் கிடந்தால் பிய்ந்துவிடும், பிய்ந்தால் ஆறாது. அப்படிக் கிடந்தவன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் கருப்பாயி பார்த்துக்கொண்டாள். அதற்குத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும்.

ஊர் ஜனங்களே தங்கள் ஊரை மண்ணில் வரைவது ஷோபனாவின் முறை. கோலப்பொடியில் எல்லை போட்டார்கள், கரித்தூளில் ரோடு போட்டார்கள், வீட்டுக்கு ஒரு பாக்கு வைத்தார்கள். தண்ணீருக்கு மட்டும் யாரும் எதுவும் வைக்கவில்லை.

"தண்ணி எங்கேருந்துக்கா வருது?"

"வருது," என்றாள் கருப்பாயி.

"வருதுன்னா?"

"ஆண்டவன் குடுக்கறான்."

"ஆண்டவன் எந்தப் பக்கம் இருக்கான்னு வச்சுக் காட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பானு மட்டும் சிரிக்கவில்லை. "அதை வச்சா நாளைக்கே ஃபாரஸ்ட் ஆபீஸ் சாப் லோக் வந்து நிப்பாங்க மேடம். ஜங்கல் உள்ள இருக்கற ஊத்து அது. பைப்பை நாங்களே இலைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்திருக்கோம்."

ஷோபனா உட்கார்ந்து பொறுமையாகப் பேசினாள். வரையாதது கணக்கில் வராது. யாரும் உதவாதபோது இவ்வளவு தூரம் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினால்தான் அரசாங்கம் வெட்கப்பட்டு இறங்கி வரும். மறைத்தால் திருட்டு, காட்டினால் உரிமை. நன்றாகப் பேசினாள், பேசிப் பேசித் தேர்ந்தவள். கடைசியில் கருப்பாயி உள்ளே போய் ஒரு குளுக்கோஸ் ட்யூபை எடுத்துவந்தாள்.

"இந்தா பிள்ள. அவருக்கு ஆஸ்பத்திரியில ஏத்துனது. ஊத்துலேருந்து என் வீட்டு வரைக்கும் சரியா வருதா பாரு."

கருப்பாயி அதை மண்ணில் வைத்ததும் ஷோபனா படம் எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கருப்பாயி வாசலில் தொங்கவிட்டாள். எதையாவது எடுக்க வேண்டும் என்றால் இன்றே சொல்லலாம், நாளை இது போர்ட் பிளேர் போகிறது என்றாள். போர்ட் பிளேர் திரும்புகிற வண்டிகள் பழங்குடிக் காட்டுக்குள் போலீஸ் காவலோடு வரிசையாக, கான்வாயாகத்தான் போக முடியும். கடைசி கான்வாயை விட்டால் அன்றைக்கு வழியில்லை. மறுநாள் காலையில் கருத்தரங்கு. ஜீப்காரன் இரண்டாவது தடவையாக ஹார்ன் அடித்தான்.

அது கிருஷ்ணமூர்த்தியைப் புரட்டுகிற நேரம். ஓலைத் தட்டிக்கு உள்ளேயிருந்து கருப்பாயியின் குரல் வந்தது. "இரு பிள்ள, எனக்கு ஒரு வார்த்தை இருக்கு. இவரைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன், கையை விட முடியாது. இந்தா வந்திட்டேன்."

அவள் சொல்ல இருந்த வார்த்தை, அந்த ட்யூபை எடுத்துவிடு என்பதுதான். காலையிலேயே பானுவிடம் சொல்லியிருந்தாள். பானு அன்று சந்தைக்குப் போயிருந்தாள்.

ஷோபனா தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்காவும் சரின்னுதான் சொல்லும்," என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"அடுத்த மாசம் வர்றேன்கா, அப்பப் பேசுவோம்," என்று உள்பக்கமாகக் குரல் கொடுத்துவிட்டு ஷோபனா ஜீப்பில் ஏறினாள். போகும்போதே, ஊர் முழுவதும் ஒப்புதல் என்று குறித்துக்கொண்டாள்.

கருத்தரங்கில் அந்த ட்யூபைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒரு பெரிய அதிகாரி எழுந்து நின்று, இதுவல்லவா மக்கள் ஆராய்ச்சி என்றார்.

மார்ச்சில், தீவே தண்ணீருக்குத் தவித்த நாட்களில், பானு போன் செய்தாள். "பைப்பை வெட்டிட்டாங்க மேடம். துண்டு துண்டா வெட்டி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க எடுத்த போட்டோவைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க."

பைப்பை வெட்ட உத்தரவு போட்ட வன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் பிரவீன்குமார். அவளிடம் படித்தவன். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான்.

"உங்க மேப் இல்லேன்னா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம் மேடம். எங்க ஆளுங்க அந்த மலையில நாலு வருஷமா சுத்தறாங்க. ஜனங்களே வரையற மேப்தான் நம்பகமானதுன்னு க்ளாஸ்ல சொல்லிக்கிட்டே இருப்பீங்களே."

"அந்த வீட்டுல ஒருத்தர் எந்திரிக்க முடியாமக் கிடக்கறார், பிரவீன்."

"வாரத்துக்கு ஒரு டேங்கர் அனுப்பறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"அந்த மேப்புக்கு முழு ஒப்புதல் கிடையாது. ஒருத்தர் பேச இருந்ததை நான் கேட்காம வந்தேன்."

"அப்படி எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க ரிப்போர்ட் முழுக்க விழுந்துரும். அவங்களுக்கு நீங்க கேட்ட அரசாங்கக் குழாயும் அதோட போயிரும். யோசிச்சுக்குங்க. ஆக்சுவலா, பைப்பை வெட்டியாச்சு. இனிமே மேப் பொய்யா இருந்தா என்ன, நிஜமா இருந்தா என்ன?"

ஷோபனா எழுதிக் கொடுத்தாள். அறிக்கை விழுந்தது, திட்டம் ரத்தானது, குழாய் விண்ணப்பமும் அதோடு குப்பைக்குப் போனது. நிறுவனம் அவளை நூலகப் பொறுப்புக்கு மாற்றியது. உண்மையைச் சொன்னதால் யார் வீட்டிலும் ஒரு குடம் நிறையவில்லை.

அவள் ரங்கத்துக்குப் போனபோது கருப்பாயி திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். ஷோபனா வேண்டாம் என்றாள்.

"குடிங்க மேடம். அவரைக் கழுவறதுல அரைச் சொம்பு குறையும், அவ்வளவுதான்."

பிள்ள என்று கூப்பிட்டவள் மேடத்துக்கு மாறியிருந்தாள். ஷோபனா டீயைக் குடித்தாள்.

"குடிச்சாச்சா? கை குடுங்க, புரட்டணும்."

கிருஷ்ணமூர்த்தியின் தோளைக் கருப்பாயி பிடித்தாள், இடுப்பை ஷோபனா பிடித்தாள். துணியை விலக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. ஓரமெல்லாம் கறுத்து, நடுவே வெள்ளையாக இருந்தது.

"எலும்பு தெரியுதா? நல்லாக் குனிஞ்சு பாருங்க. யாராவது கேட்டா சரியாச் சொல்லணும்ல. டேங்கர் ரெண்டு தடவை வந்துச்சு, அப்புறம் ரோடு சரியில்லைன்னு வரல. ஈரத்துணியால துடைச்சேன். துடைச்சா போதுமா?"

"போதாதுக்கா."

குப்புறக் கிடந்த கிருஷ்ணமூர்த்தி பேசினான். "மேடம், அந்தப் படத்துல என்னையும் போட்டீங்களா?"

"உங்க வீட்டைப் போட்டோம்ணே. நீங்க உள்ள இருக்கீங்க."

"அப்ப என்னையும் ஒருநாள் வந்து வெட்டி ஏத்திக்கிட்டுப் போவாங்க," என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்ததில் புண்ணிலிருந்து சீழ் கசிந்தது. ஷோபனா துடைத்தாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள். "அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுக்கா."

"தெரியும். தட்டிச் சந்துல பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீங்க என் பக்கம் திரும்பிப் பாத்தீங்க, அப்புறம் வாட்ச்சைப் பாத்தீங்க." கருப்பாயி பழைய துணிகளை வாளியில் போட்டாள். "இதுங்களை அலச ரோட்டடிக் குட்டைக்குப் போகணும். நீங்க வந்துட்டீங்களா, அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

ஏப்ரல் முழுக்க வாராவாரம் ஷோபனா தண்ணீர் கேன்களோடு பஸ் ஏறினாள். மருந்துத் துணி, களிம்பு, தண்ணீர் மெத்தை எல்லாம் வாங்கிப் போனாள். கேன் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? விஷம் ரத்தத்தில் ஏறி, கிருஷ்ணமூர்த்தி ரங்கத் ஆஸ்பத்திரியில் மே மாதத்தில் செத்தான். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஓலைக் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரை ஏந்த அந்த வீட்டில் பாத்திரம் போதவில்லை.

முடிந்த பிறகும் திரும்பிப் போக வேண்டும் என்பதை மட்டும் ஷோபனா விடவில்லை. திட்டம் இல்லை, பயணப்படி இல்லை, போனாள். காரியத்துக்குப் போனாள். தீபாவளிக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்தார்கள், பேசினார்கள், அனுப்பினார்கள்.

மறு வருஷம் பிப்ரவரியில், மழை நின்று மண் காய ஆரம்பித்திருந்த நாளில், மேட்டில் ஏறும்போது குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் இல்லை, நான்கைந்து வீடுகளில் கேட்டது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் மேடம் வருகிறாள் என்று மேலேயிருந்து பானு இந்தியில் குரல் கொடுத்தாள். "மேடம் ஆ ரஹீ ஹை!"

சத்தம் நின்றது. முதலில் ஒரு வீட்டில், பிறகு அடுத்தடுத்த வீடுகளில்.

மேலே போனபோது வாசல்களில் குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கருப்பாயி முழங்கை வரை ஈரமான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வாங்க மேடம். டீ போடலாம்னா தண்ணி இல்ல."

"வேணாம்கா." ஷோபனா உட்கார்ந்தாள். எங்கிருந்து, எப்படி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

பாக்கு விலையைப் பற்றிப் பேசினார்கள். எதிர் வீட்டில் ஒருத்தி பாதி அலசிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இன்னொரு வீட்டில் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். நுரை காய்ந்து தோலில் இழுத்தது.

"அது அழுதுகிட்டே இருக்கும்," என்றாள் கருப்பாயி. "நீங்க இருக்கற வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்கா."

"சொல்ல மாட்டீங்க. அன்னிக்கு மட்டும் சொல்லணும்னா வந்தீங்க?" அவள் குரல் உயரவில்லை. "கிளம்புங்க மேடம். இனிமே வராதீங்க. மத்தவங்க ஒருதரம் வந்தாங்க, எழுதினாங்க, போயிட்டாங்க. நீங்கதான் வந்துக்கிட்டே இருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் ஊரே கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு."

ஷோபனா பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதற்காகவே வேகமாக இறங்கினாள். அவள் ரோட்டைத் தொடுவதற்குள் மேலே தண்ணீர் விழத் தொடங்கியது.