வயர்லெஸ்ஸில் சொல்லாத திமிங்கிலம்

படகுத்துறை முழுக்க அவளை ராங்கிக்காரி என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஜனங்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்த் திமிங்கிலம் காட்டும் படகை அவள் ஓட்டுகிறாள். படகு அண்ணனுடையது, கவுன்டரில் டிக்கெட் கிழிப்பது அண்ணி. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையும்தான்.

"காலங்காத்தாலயே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வராதடி, டிக்கெட் வாங்க வந்தவங்க ஓடிடுவாங்க" என்பாள் அண்ணி.

"உங்களப் பாத்தே ஓடாதவங்க என்னப் பாத்தா ஓடப் போறாங்க?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். அப்படித்தான் அவர்களுக்குப் பொழுது விடியும்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகு திமிங்கிலத்தைக் கண்டாலும் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதுதான் தாமதம், மற்ற படகெல்லாம் ஈ மாதிரி வந்து மொய்க்கும். போன வருஷம் அப்படி மொய்த்ததில் ஒரு தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலேயே படகுகள் புகுந்துவிட்டன. குட்டி வழி தெரியாமல் முட்டி மோதியது, தாய் சுற்றிச் சுற்றி வந்தது, ஜனங்களோ கைதட்டிப் படம் எடுத்தார்கள். பாவிகள்! மறுநாள் தாய் மட்டும்தான் தெரிந்தது. படகுகள் மொய்த்த அன்றைக்கு வேடிக்கை பார்க்க இவள் படகில் அண்ணியும் வந்திருந்தாள். கரை சேரும்வரை அந்தத் தாய் இருந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதோடு ராங்கிக்காரி முடிவு கட்டிவிட்டாள், தாயும் குட்டியுமாகக் கண்டால் சொல்வதில்லை என்று. அரசல் புரசலாக அது அண்ணன் காதுக்கும் எட்டியது.

"நாளைக்கு நமக்கு எதுவும் ஆப்படலன்னா அவங்க சொல்ல வேணாமா? ஊரோட ஒத்துப் போ. இன்னொரு தடவ மறைச்சே, சாவியக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்துக்கோ" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று காலை, ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாகச் சுற்றி, விழுந்து விழுந்து மீன் கொத்தின. டால்பின்கள் படகுக்கு முன்னால் துள்ளின, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அப்புறம் 'புஸ்'ஸென்று ஒரு பெரிய மூச்சு. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அவள் எஞ்சினை நிறுத்தினாள். படகு கப்சிப்.

வயர்லெஸ் கரகரத்தது. கவுன்டர் பக்கத்திலிருந்து அண்ணன் கேட்டார், "ஏதாச்சும் தெரியுதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவி தப்பும். ஆனால் ராங்கிக்காரி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? ஒளிந்துகொண்டு செய்கிற காரியமா இது?

"தெரியுதுண்ணா. தாயும் குட்டியும். எங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

எல்லாப் படகிலும் அது கேட்டது. வசவு மழையாகக் கொட்டியது. 'பொம்பளைக்கு இவ்ளோ திமிரா' என்றான் ஒருவன். "நல்லாக் கத்துங்க. என் காதுதானே, அதுங்க காது இல்லியே" என்று சொல்லி, அவை தாமாக விலகிப் போகும்வரை இருந்துவிட்டுத்தான் படகைத் திருப்பினாள்.

கரையில் அத்தனை பேர் முன்னால் அண்ணன் கையை நீட்டினார். "சாவி."

கொடுக்குமுன் அவள் படகை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் படகென்றால் அவளுக்கு உயிர். வாய் மட்டும் அடங்கவில்லை. "இந்தாண்ணா. நீ திருப்பிக் குடுத்தாலும் நான் சொல்ல மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

"அடுத்த நடைக்கு நானே எடுக்கிறேன். டிக்கெட்டக் குடு" என்று அண்ணன் கவுன்டரைப் பார்த்துக் கத்தினார். பதிலுக்குக் கவுன்டர் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. அண்ணி வெளியே வந்து பூட்டைப் போட்டாள்.

"என்னடி பண்ற? ஆளுங்க நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். இவ வாய் எனக்கு என்னிக்கும் ஆகாது. ஆனா அன்னிக்கு அந்தத் தாய் பட்ட பாட்ட என் கண்ணால பாத்தவ நான். இவ கைக்குச் சாவி வர்ற வரைக்கும் எங்கிட்ட டிக்கெட் இல்ல." சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி முழிக்கிற? உனக்காக ஒண்ணும் பூட்டல."

ராங்கிக்காரி அண்ணிக்குப் பக்கத்தில் போய், ஷட்டரில் முதுகைச் சாய்த்து, அண்ணனைப் பார்த்தபடி தானும் நின்றுகொண்டாள்.