இழுத்த தண்ணீர்

எங்கள் தெருவில் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பூட்டுக்குச் சாவி போடுகிறவர் இல்லை. தெருமுனையில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர் வால்வைத் திறந்து மூடுகிற அரசாங்க ஊழியர். நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். காலை ஆறேகாலுக்குத் திறப்பார், ஏழுக்கு மூடுவார். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் நாற்பத்திரண்டு வீடும் குளிக்காமல் நாறும். அதனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் படுத்ததே இல்லை.

அவரிடம் தண்ணீர் இரண்டே வகை. ஒன்று ‘தானா வர்ற தண்ணி’, இன்னொன்று ‘இழுத்த தண்ணி’. வால்வைத் திறந்ததும் சாவியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழாய் பழசு. சாக்கடைக்கு அடியில் போகிற இடத்தில் நாலைந்து விரிசல். தண்ணீர் நிறைந்து ஓடினால் சாக்கடை உள்ளே வராது. வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினால்தான் வினை.

“குழாய்க்கு வயிறு காஞ்சா எதை வேணும்னாலும் குடிக்கும் சார். யார் இழுக்கிறாங்களோ அவங்க தொட்டிக்குத்தான் அது முதல்ல போகும், மிச்சம் கடைசி வீட்டுக்கு” என்பார்.

முதல் மோட்டாரை வைத்தவர் பங்களாக்காரர். நாங்கள் பத்துப் பேர் வரிந்து கட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனோம். சோபாவில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

“முடிஞ்சவன் போட்டுக்கிறான், இதுல என்ன தப்பு? எல்லாத்துக்கும் அரசாங்கமே வந்து ஊட்டிவிடணுமா? நீங்களும் போட்டுக்கோங்க, யார் வேணாம்னா?”

காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். ஒரே மாதத்தில் தெருவில் பதினோரு மோட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கூட்டுறவுப் பாடம் நடத்தி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் நான். மூன்று வாரம் வீம்பாக இருந்தேன். பிறகு நானும் ஒன்று வாங்கி, சத்தம் வெளியே கேட்காதபடி சாக்கு சுற்றிப் பின்பக்கம் வைத்தேன். சாவிக்காரருக்கு அது தெரியாது. வாத்தியார் அப்படியெல்லாம் செய்யமாட்டார் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நினைப்பு.

அவர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இன்ஜினியர் ஒருநாள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாராம். “மோட்டார் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்குய்யா. கழட்டப் போகத்தான் ஆளில்ல. அடுத்த வருஷம் தனியார் கம்பெனி எடுத்துக்குது, அவங்க வந்து குழாயை மாத்துவாங்க. அதுவரைக்கும் திற, மூடு, போ.”

தெருவின் கடைசி வீடு சாவிக்காரருடையது. மகளும் பதினோரு மாதப் பேத்தியும் அவரோடுதான் இருக்கிறார்கள். போன மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள் சாவிக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார். பங்களாவையும் விடவில்லை. “நாளைக்கு ஒருநாள் மட்டும் யாரும் மோட்டார் போடாதீங்க. எல்லார் வீட்டுக்கும் தானா வருதா இல்லையான்னு நீங்களே பாருங்க.” ஆச்சரியம், எல்லோருமே சரி என்றார்கள். பங்களாக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். என் வாசலில் அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தோடு அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாள் ஆறேகாலுக்குத் தண்ணீர் திறந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. நானும் மனைவியும் பின்பக்கக் குழாயடியில் நின்றோம். விரல் தடிமனுக்குத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது, பிறகு கொஞ்சம் கூடியது. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ‘உர்ர்’ என்று கேட்டது.

“போட்டுட்டாங்க பாருங்க. நீங்க மட்டும் அரிச்சந்திரனா நில்லுங்க” என்றாள் மனைவி.

நான் சுவிட்சைத் தட்டினேன். ஐந்து நிமிஷத்தில் தெரு முழுக்க மோட்டார்கள் இரைந்தன. பங்களாவின் பெரிய மோட்டார் கடைசியாகத்தான் சேர்ந்துகொண்டது.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “என்ன சார், நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க மோட்டார் சத்தம் கேட்டப்புறம்தான் நாங்க போட்டோம்.”

“முதல்ல உங்க வீட்லதானேம்மா சத்தம் வந்தது?”

“அது மிக்ஸி சார். தேங்காய் அரைச்சிட்டிருந்தேன்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தால், சாவிக்காரர் கையில் ஒரு குடத்தோடு நிற்கிறார்.

“எல்லாரும் இழுத்துட்டாங்க சார். காதை வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. எங்க வீடு கடைசியாச்சே, வந்து சேர்றப்பவே கறுப்பா வந்துச்சு, அப்படியே கீழ ஊத்திட்டேன்.” கொஞ்சம் தயங்கினார். “நீங்க போடலைதானே?”

“இல்லையே” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவங்க போடுறதுக்கு முன்னாடியே நூல் மாதிரி வந்தது. அதைத்தான் பிடிச்சு வச்சோம்” என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகம் தெளிந்தது. “எனக்குத் தெரியும் சார். தானா வர்ற தண்ணி இன்னைக்கு உங்க வீட்ல மட்டும்தான் இருக்கும். பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்க ஒரு குடம் குடுங்க.”

குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தொட்டியைத் தவிர வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. நிரப்பிக்கொண்டு வந்தேன்.

“நல்லாக் கொதிக்க வச்சுக் குடுங்க” என்றேன்.

“காஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு சார். அதனாலதானே உங்க வீடு தேடி வந்தேன். இல்லன்னா எந்தத் தண்ணியா இருந்தா என்ன, காய்ச்சிக் குடுத்திருப்பேனே.” குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். “பாப்பா எழுந்திருக்கும், பசி தாங்காது.”

அவர் வேகமாக நடந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டம்மா அவள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கூப்பிடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.