மாடனிடம் தவணை கேட்ட பேராச்சி

பேராச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய தாய்மாமன் பூதத்தானிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பம்பாய்த் தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் ஒரு பெண்ணை இன்னாரென்று அடையாளம் சொல்ல முதலில் மாமன் பெயரைத்தான் எடுப்பார்கள். பூதத்தானுக்குத் தோல் பட்டறையில் பை தைக்கிற வேலை. ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தாராவியில் சுடலைமாடனுக்குப் பீடம் போட்டார்களே, அந்த முதல் கொடைத் திருவிழாவிலேயே மாடன் வந்து இறங்கியது அவர்மேல்தான். அன்றுமுதல் அவரே சாமியாடி. அவருக்கு ஒரே தங்கை முப்பிடாதி. முப்பிடாதியைக் கட்டியவர் சொரிமுத்து, அவருக்கும் அதே பட்டறை. அவர்களுக்கு மூத்த பிள்ளை பேராச்சி. ஆனால் இந்திப் படம் பார்த்த சனங்களுக்கு அவள் பேபி சம்பா.

அப்போதெல்லாம் பம்பாயில் வீட்டுக்குள் படம் காட்டுகிற பெட்டி வந்திருக்கவில்லை. நடிப்பென்றால் சினிமா, சினிமாவென்றால் செம்பூர்ப் பக்கத்து ஸ்டுடியோ. அங்கே கூட்டத்தில் நிற்க ஆள் கூட்டிப்போவது முகம்மது ஹனீபின் தொழில். அவரும் திருநெல்வேலிக்காரர்தான். பெரிய ஆளுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு அரைக் கூலி. அறுபதாம் வருஷம் ஒரு திருவிழாக் காட்சிக்கென்று தாராவிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஆறு வயசுப் பேராச்சியும் அதில் ஒருத்தி.

கதாநாயகன் ஒரு குழந்தைக்கு ஜிலேபி கொடுக்க வேண்டும், குழந்தை ஆசையாகக் கடிக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் வெளிச்சம் சரியில்லை, கதாநாயகனுக்கு வசனம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். முதலில் நிறுத்திய பையன் நாலாவது ஜிலேபியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்து நிறுத்திய பெண் வாந்தியெடுத்தாள். மூன்றாவதாகப் பேராச்சியைத் தள்ளிவிட்டார்கள். அவளோ ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் ஜிலேபியைக் கண்ணால் பார்ப்பதுபோலக் கண்ணை விரித்தாள், கடித்தாள், 'கட்' என்ற சத்தம் கேட்டதும் கடித்ததைத் துப்பிப் பாவாடை ஓரத்தில் முடிந்துகொண்டாள். வீட்டில் தம்பிக்கு வேண்டுமே! டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த படத்துக்கு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேராச்சி என்பது அவர்கள் வாயில் நுழையாததால் சம்பா ஆனாள்.

இந்தி வசனத்தை ஹனீப் பாய் பஸ்ஸிலேயே அவளுக்கு ஓதுவார். சயானில் ஏறினால் செம்பூரில் இறங்குவதற்குள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். இரண்டு வருஷத்தில் அர்த்தமும் பிடிபட்டுவிட்டது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால், "பேபி வருதுட்டி, வழிய விடுங்க! அப்புறம் அழுது காமிச்சுரும்" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். "அழ வைக்கணும்னா துட்டு குடுக்கணும் அத்தே. சும்மா அழமாட்டேன்" என்று குடத்தை முன்னால் வைத்துவிடுவாள்.

ஒரே ஒரு சங்கடம், எல்லாப் படத்திலும் அவளைச் சாகடித்தார்கள். காய்ச்சலில் சாவாள், வெள்ளத்தில் போவாள், கார் அடித்துப் போவாள். பாதிப் படத்துக்குள் பிள்ளை போனால்தானே அப்பனும் ஆத்தாளும் மீதிப் படம் முழுக்க அழ முடியும்!

முப்பிடாதி அதுவரை சினிமாக் கொட்டகைப் பக்கம் போனவள் இல்லை. கோணி தைக்கவே பொழுது போதாது. சரி, மகள் நடித்ததை ஒரு தடவையாவது பார்ப்போமென்று அறுபத்துமூன்றில் மாஹிமில் ஒரு கொட்டகைக்குக் குடும்பத்தோடு போனாள். திரையில் பேராச்சி காய்ச்சலில் கிடக்கிறாள். உதடு நடுங்குகிறது. கை நழுவி விழுகிறது.

"ஐயோ, எம் பிள்ள போச்சே!" என்று முப்பிடாதி எழுந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பேராச்சி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, நான் இங்கனதான் இருக்கேன். உக்காரு, பின்னால மறைக்குதுன்னு ஏசுதாவ."

முப்பிடாதிக்கு அது காதில் ஏறவில்லை. இருட்டுக்குள்ளேயே முந்தானையில் ஒரு காசை முடிந்து, "மாடா, அவ தலைமுடி பூராவும் ஒனக்கு. வர்ற கொடையில எறக்குதேன். எம் பிள்ளைய விட்டுரு" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். சினிமாவில் செத்ததற்கு நேர்ச்சை போட்ட தாய் பம்பாயில் வேறு யாராவது உண்டோ என்னவோ.

அந்த முடிச்சுதான் அடுத்த வருஷம் கழுத்தைச் சுற்றியது.

அறுபத்துநாலு பிறந்ததும் பேராச்சிக்கு ஒரு படம் வந்தது. தாயில்லாத பெண், அவளை வளர்க்கிற மில் தொழிலாளித் தகப்பன். அந்தப் பெண் சாகவில்லை! கடைசிக் காட்சிவரை இருக்கிறாள். தலைப்பில் பெயர் தனியாக வரும் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தகப்பன் தினமும் காலையில் மகளுக்குக் கோணல்மாணலாக இரட்டைச் சடை பின்னிவிடுவதுதான் படத்தின் உயிர். உச்சி வகிடு எடுப்பதைக் கிட்டத்தில் வைத்து எடுப்பார்கள், சவுரியும் டோப்பாவும் அங்கே செல்லாது. பாதிப் படம் எடுத்திருந்தபோது கதாநாயகன் வேறு படத்துக்காக வெளிநாடு போய்விட்டார். மழைக்குப் பிறகுதான் மீதி. "அதுவரைக்கும் இந்த முடியில் கத்தரி படக்கூடாது" என்று டைரக்டர் ஹனீபிடம் சொல்லிச் சொல்லி அனுப்பினார்.

சித்திரையில் கொடை வந்தது. முப்பிடாதி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அக்கா, ஒங்க காலுல விழுதேன்" என்று ஹனீப் ஓடிவந்தார். "மொட்டை போட்டா வேற பிள்ளைய வச்சு முதல்ல இருந்து எடுப்பான். இவ பேரும் போச்சு, என் பேரும் போச்சு."

"பாய், ஒங்க டைரக்டர் கோவப்பட்டா வேற படம் வரும். மாடன் கோவப்பட்டா வேற பிள்ள வருமா?"

சொரிமுத்து வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார். "ரெண்டு பேரும் சொல்லுதது சரியாத்தான் இருக்கு" என்றார்.

சாகாத பெண்ணாக ஒரு படத்தின் கடைசிவரை நிற்க வேண்டும், அது ஒன்றுதான் பேராச்சிக்கு வேண்டும். அம்மாவிடம் கேட்டு ஆகாது, அப்பாவிடம் கேட்டும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. முடி யாருடையதோ அவரிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, அம்மா எண்ணெய் வைத்துத் தலைவாரியபோது வாகாகத் தலையைக் கொடுத்தாள்.

மதியக் கொடை. மேளம் காதைப் பிளக்கிறது. பூதத்தான் சல்லடமென்ற அரைக்கால்சட்டையும் குல்லாயும் போட்டு, கையில் மணி கட்டிய வல்லய ஈட்டியோடு ஆடுகிறார். ஓரமாக நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். முப்பிடாதி மகளின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் நடத்தினாள். பேராச்சி கையை உருவிக்கொண்டு நேரே பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒரு பேச்சு."

"யாருட்டி அது, நான் ஆடும்போது குறுக்க வாரது?"

"முப்பிடாதி மக பேராச்சி."

"முடி கொண்டாந்தியா?"

"கொண்டாந்துருக்கேன், தலையிலதான் இருக்கு. ஆனா இன்னைக்குத் தரல."

மேளக்காரர் கை தானாக நின்றது. "ஏ பிள்ள, ஆருகிட்டப் பேசுத!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் அதட்டினார். முப்பிடாதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சொன்ன முடிய வேற எவனுக்குக் காட்டப் போற?" வல்லயத்தின் மணிகள் குலுங்கின.

எதிரே நிற்பது மாமனா, மாடனா என்று பேராச்சிக்குத் தெரியவில்லை. ஆனால் எதிரே எது நின்றாலும் கண் சிமிட்டாமல் பார்க்க ஸ்டுடியோ விளக்குகள் அவளுக்குப் பழக்கியிருந்தன.

"எங்கம்மை எதுக்கு நேந்தா? சினிமாவுல நான் செத்துட்டேன்னு பயந்து நேந்தா. அது பொய்ச் சாவு சாமி. இந்தப் படத்துல நான் சாவல, கடைசி வரைக்கும் இருக்கேன். நீரு காப்பாத்துனதாலதான் இருக்கேன்னே வச்சுக்கிடும். இப்பம் வழிச்சா, பாதிப் படத்துல நீரே என்னைக் கொன்ன மாதிரியில்லா ஆயிரும்?"



"எனக்கே தவணை சொல்லுதியாட்டி?"

"பட்டறை சேட்டே நம்மாளுகளுக்குத் தவணை குடுக்கான். நீரு அவனைவிட மோசமா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மாடனின் மீசையும் ஒரு கணம் அசைந்ததாகப் பார்த்தவர்கள் பிற்பாடு சத்தியம் பண்ணினார்கள்.

"ஈடு என்ன தாரே?"

"பூமுடி. மூணு கொத்து இப்பவே எடுத்துக்கிடும். பின்னங்கழுத்துல, சடைக்கு அடியில. அங்க காமிரா வராது."

மாடன் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்பினார். "படம் முடிஞ்ச மறுநாளே முழுசா வரணும். இன்னொரு படம்னு வந்து எங்கிட்ட நிக்கப்படாது."

"நிக்கமாட்டேன்."

கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொன்னாள். மேளம் மறுபடி எழுந்தது.

மழை விட்டதும் கதாநாயகன் வந்தார். பாட்டு, சடை, வகிடு, கடைசிக் காட்சி எல்லாம் தீபாவளிக்கு முன்னால் முடிந்தன. முடிந்த அன்று சாயங்காலம் ஹனீப் தாராவிக்குள் டாக்ஸியில் வந்து இறங்கினார். அந்தச் சந்துக்கு டாக்ஸி வந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அடுத்த படம் முழுக்க நம்ம பிள்ளையச் சுத்தித்தான்! டைரக்டர் எடுத்ததைப் போட்டுப் பார்த்துட்டு அழுதுட்டாரு. தீபாவளி கழிஞ்சதும் ஆரம்பம். அதே ரெட்டைச் சடை வேணுமாம்."

இப்போது முப்பிடாதியின் தலை சுற்றியது. மகளைப் பார்த்தாள், மகளின் சடையைப் பார்த்தாள். எழுந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். பேராச்சியும் ஹனீபும் பின்னாலேயே போனார்கள்.

"அண்ணாச்சி, மாடன்கிட்ட இன்னொரு தவணை கேட்டா என்ன? ஒரு தடவ எறங்கி வந்த சாமிதான?"

பூதத்தான் தைத்துக்கொண்டிருந்த பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாமி எறங்குனா என்ன சொன்னேன்னு எனக்கு நெனவு இருக்காது தாயி. அன்னைக்கு என்ன பேச்சு நடந்துச்சோ எனக்குத் தெரியாது" என்றார். தங்கச்சிக்காக அவர் திறந்துவிட்ட கதவு அது. நுழைந்து போக வேண்டியதுதான் பாக்கி.

"எனக்கு நெனவு இருக்கு மாமா" என்றாள் பேராச்சி. "சொன்னது நானில்லா?"

"மக்கா, நல்லா யோசி" என்று ஹனீப் கெஞ்சினார். "முடி வளர ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள நீ வளந்துருவ. அப்புறம் பேபின்னு எவன் கூப்பிடுவான்?"

"அது எனக்கும் தெரியும் பாய். நான் கேட்டது ஒரு படம். அவரு குடுத்துட்டாரு. ஒங்களுக்கு ரெட்டைச் சடைதான வேணும்? பூலோகம் சித்தப்பா மக சண்முகவடிவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அவளைக் கூட்டிட்டுப் போங்க. வசனம் நான் சொல்லிக் குடுக்கேன்."

மறுநாள் காலையில் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். முப்பிடாதிதான் அழுதாள். அதற்கடுத்த வாரம், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, சண்முகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு செம்பூர் பஸ்ஸில் ஏறினாள். ஸ்டுடியோவில் டைரக்டர் அந்தத் தலையைப் பார்த்துத் திகைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சம்பாவின் முடியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டேன். இவளுக்கு முடி இருக்கிறது, சம்பளம் மட்டும் எனக்குக் கொடுத்ததையே இவளுக்கும் கொடுங்கள்" என்று இந்தியில் தெளிவாகச் சொன்னாள். கொடுத்தார்கள்.

பேராச்சியின் படம் வெளிவந்ததும் மாஹிம் கொட்டகைக்கு மறுபடி குடும்பத்தோடு போனார்கள். தலைப்பில் பேபி சம்பா என்று தனியாகப் பெயர் வந்தது. முப்பிடாதி கடைசிவரை முந்தானையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டே தகப்பனோடு ரயிலேறிப் போனாள். விளக்குப் போட்டார்கள்.

"என்னம்மா, எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று முப்பிடாதி இழுத்தாள். "ஆனா, நீ சாகாம என்னமோ சப்புன்னு இருக்குட்டி."

முடி வளர்ந்தது. ஹனீப் சொன்னபடியே பேராச்சி அதைவிட வேகமாக வளர்ந்தாள். அதற்குப் பிறகு காமிராவுக்கு முன்னால் அவள் நிற்கவில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகளுக்கு வசனம் ஓதவும், ஜிலேபியைத் துப்பவும், விளக்குக்குக் கண் கூசாமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்தாள். அறுபத்தொன்பதில் ஹனீபுக்குத் தொழிலில் சரிபாதிக் கூட்டாளி அவள். தாராவியிலும் மான்குர்திலும் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்கள் அவளைத் தேடி வருவார்கள். இந்தி தெரியுமா, அழத் தெரியுமா என்றெல்லாம் அவள் முதலில் கேட்கமாட்டாள்.

"பிள்ளைக்கு ஏதும் நேர்ச்சை பாக்கி இருக்கா?" இதுதான் முதல் கேள்வி.

"இல்ல தாயி, ஒண்ணும் இல்ல."

"நல்லது. இனிமே எந்தச் சாமிக்கு நேந்தாலும் எங்கிட்டக் கேட்டுட்டு நேந்துக்கிடு. நாளைக்குக் காலையில சயான் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வா."