நிலம் பார்க்க வந்த ஞாயிறு

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "அப்படியே நெலத்தையும் ஒரு எட்டு பாத்துடலாங்களா?" என்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். தென்னைகளை எண்ணுவார்கள். பெண் கொடுப்பதா இல்லையா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

எங்களுக்கு அதுதான் கண்டம். நல்லம்பள்ளிக்கு மேற்கே கடலையும் மரவள்ளியும் போட்டுவந்த நிலத்தை, கிணறு வற்றிய பிறகு, மரங்களுக்கு விட்டுவிட்டோம். மகனின் யோசனை அது. வேம்பும் புங்கனும் நட்டோம். உசிலையும் வெப்பாலையும் தாமாக வந்தன. முதல் புரசு பூத்தது ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பழைய வரப்புகளை மட்டும் புதர் மூடாமல் காத்து, அவற்றையே நடைபாதையாக்கினான் மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரியிலிருந்து குடும்பம் குடும்பமாக நடக்க வருகிறார்கள். வருமானத்துக்கு ரோட்டோர மாந்தோப்பும் மாடுகளும் இருக்கின்றன.

இருந்தும், அந்த மரங்களைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு பெண் வீட்டாரும் அப்புறம் பேசவே இல்லை. மகனுக்கு முப்பத்து மூன்று முடிந்திருந்தது.

மூன்றாவதாக, தை மாதத்து வளர்பிறை ஞாயிறு ஒன்றில், பென்னாகரத்திலிருந்து பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அண்ணன் தங்கை இருவருமே விவசாயக் குடும்பம். "இன்னிக்கு நீ வாயத் தொறக்காதே. குருவி, பூச்சி எதுவும் வேணாம்" என்று மகனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் பெண்ணின் அப்பா நின்றுவிட்டார்.

"நெலத்தக் காட்டுறேன்னு கூட்டியாந்தீங்க. எங்கீங்க நெலம்?"

"இதாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"இதுவா! எங்கூர்ல இதுக்கெல்லாம் பாரஸ்ட்காரங்கதான் காவலுக்கு இருப்பாங்க."

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "பாம்புக்கு வூடு கட்டிக் குடுத்திருக்காங்கண்ணா."

"கம்முனு வா."

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு செருப்புக் காலால் பாதையைத் தட்டினார். "இது வரப்புதானே?"

"ஆமாங்க" என்றான் மகன்.

"அந்தப் பக்கம் மேடு. தண்ணி இப்படித்தான் பாஞ்சிருக்கும்." அதற்கப்புறம் அவர் மரங்களை விட்டுவிட்டு, அடியில் கிடக்கும் எங்கள் பழைய நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்தத் துண்டில் கடலை, எந்தத் துண்டில் மரவள்ளி என்று அவரே சொன்னார், ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அந்த வளைவு வந்தது. நேராக வந்த பாதை வரப்பை விட்டு இறங்கி, அரைவட்டமாகச் சுற்றி, மறுபடி வரப்பில் ஏறும் இடம்.

"இங்க மட்டும் எதுக்குத் தம்பி சுத்திப் போவுது? பக்கத்து நெலத்துக்காரரோட எதுனா தகராறா?"

மகன் என்னைப் பார்த்தான். பேசாமல் இருந்தால் நிலத்தில் வழக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பேசினால் பையனுக்குக் கிறுக்கு என்பார்கள். "சொல்லுடா" என்றேன்.

"தகராறெல்லாம் இல்லீங்க. பாதை போட்ட வருசம் பங்குனியில, இந்த வரப்பு மேல ஆள்காட்டிக் குருவி முட்ட வெச்சிருந்துச்சு. மிதிபட்டுடும்னு சுத்தி வழி எடுத்தோம்."

"குஞ்சு பொரிச்சுப் போயிருக்குமில்ல? அப்புறமாச்சும் நேராக்கறது?"

"அடுத்த வருசமும் வந்துச்சுங்க. மரம் ஒசந்த பின்னாடி வர்றதில்ல. எங்களுக்கு இப்படியே நடந்து பழகிப்போச்சு."

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். இதுவும் போயிற்று என்று நான் நினைத்தபோது, பின்னால் அத்தை சிரித்தார்.

"அண்ணா, குருவி படுத்திருந்த எடத்தையே சுத்திப் போறாங்க. எங்க வூட்டுக்காரரு நான் படுத்திருந்தாலும் தாண்டித்தான் போவாரு."

"மச்சானப் பத்தி இங்க எதுக்கு? கம்முனு வா" என்றார் அண்ணன். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது அவர்தான் முன்னால் நடந்தார். குறுக்கே வரப்பு புல் முளைத்து வெறுமனே கிடந்தது. நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வளைவைச் சுற்றியே போனார். அதைப் பார்த்ததும் என் தலை தானாக நிமிர்ந்தது. இந்த மரங்களைக் காட்டி வந்தவர்களிடம் அதுவரை நான் சங்கடத்தோடுதான் நின்றிருக்கிறேன்.

புதன்கிழமை போன் வந்தது. "பொண்ணு தானும் ஒருக்கா நடந்து பாக்கணுங்கறா. ஞாயித்துக்கெழம கூட்டியாரட்டுங்களா?"

வந்தாள். இந்த முறை மகனின் வாயை நான் கட்டவில்லை. மாந்தோப்பு ஓரத்திலிருந்து பார்த்தேன். வளைவில் நின்று அவன் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான், அவள் வரப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வருகிறவர்களுக்கு அந்த வளைவின் கதையைச் சொல்வது என் மருமகள்தான். மாதத்தைக்கூட மாற்றாமல், பங்குனி என்றே சொல்கிறாள்.