பெயரை மாற்றினேன், மலையை மாற்றவில்லை

கதை பாதியில் நின்று எட்டு மாதமாகியிருந்தது. ஒரு பொம்பளை தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாமல், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை. ஹட்டன் பஸ் வருகிறது, போகிறது, அடுத்தது வருகிறது. ஏறுகிறாளா இல்லையா? அதற்கு மேல் எனக்கு ஓடவேயில்லை.

ஹட்டனில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டியூஷன் கிளாஸ் அறையில், எழுதுகிற ஏழெட்டுப் பேர் கூடுவோம். கூட்டத்தை நடத்துகிற அண்ணன், "முடியாட்டிப் பரவால்லம்மா, பாதியாவே கொண்டாந்து வாசிங்க, முடிவ எல்லாரும் சேந்து யோசிப்போம்" என்று மெசேஜ் போட்டிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அது முழுக்கக் கதையாக இருந்தால் பரவாயில்லை. அந்தப் பொம்பளை என் அக்கா.

பார்த்தது நான்தான். டீச்சர் வேலை கிடைத்த புதிதில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் ஸ்கூல் விட்டு வரும்போது அவளை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை, மடியில் பை. கூப்பிட வாயெடுத்தவள், என்ன நினைத்தேனோ, எதிரே இருந்த பேக்கரிச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு தோட்டத்து ரோட்டில் இறங்கி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டேன். இருட்டுவதற்குள் அக்காவும் பேக்கரிப் பாணோடு வந்து சேர்ந்தாள். கிளினிக்கில் சரியான சனம் என்றாள். அத்தான் தலையாட்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருசமோ போய்விட்டது, இன்னும் கேட்கவில்லை.

இதில் எனக்கிருந்த பெரிய பயம் என்னவென்றால், அத்தான் குடிக்கிறவருமில்லை, கை நீட்டுகிறவருமில்லை. காரணம் சொல்ல முடியாமல் ஒரு பொம்பளை பையைத் தூக்கினால், எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு ஆம்பளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா அப்புறம் பைப்படியில் போய்த் தண்ணீர் பிடிக்க முடியாது. ஒரு அரைகுறைக் கதைக்காக அவள் வாழ்க்கையை நாறடிக்கவா?

அதனால் எல்லாவற்றையும் மாற்றினேன். பெயரை மாற்றினேன். பச்சைச் சேலையை நீலமாக்கினேன். இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்கினேன். தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதையே எடுத்துவிட்டேன். அப்படியும் மனசு ஆறாமல், கதை எழுதிய கொப்பிப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து, என்னோடு படிப்பிக்கிற சிநேகிதிக்கு மட்டும் அனுப்பினேன். அவளும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவள்தான். அவளுக்கே ஆள் தெரியவில்லையென்றால் யாருக்கும் தெரியாது என்பது என் கணக்கு.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "நல்லா இருக்குடி. ஒன்னு கேக்கவா, இது ஒங்க அக்காவா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தப் பொம்பள, பொளந்த சவுக்கு மரத்தடியில இன்னிக்குக் கொழுந்து முத்திருமேன்னு யோசிக்கிறான்னு எழுதியிருக்கியே. அது ஒங்க அக்கா துண்டு. பக்கத்துத் துண்டுலதான் எங்கம்மா பறிக்கிறாங்க."

இப்போது மலையைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். அதை அவரவர்தான் பார்த்து, அவரவர்தான் பறிக்க வேண்டும். ஒரே பெயரில் லயத்து வீட்டு வரிசைக்கு மூன்று பேர் இருக்கிற ஊரில், ஆளைச் சொல்வதே துண்டை வைத்துத்தான். வளைவுத் துண்டுக்காரி, வாய்க்கால் துண்டுக்காரி. இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவள், மரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். டீச்சராம் டீச்சர். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மெசேஜை அழித்தேன். அழித்து என்ன, அவள்தான் வாசித்துவிட்டாளே. "அம்மாகிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள். அந்த வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேறு வாய் வழியாக அக்கா காதுக்குப் போவதற்கு முன்னால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். அத்தான் டவுனுக்குப் போயிருந்தார், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்போதுதான் மலையிலிருந்து வந்து கைகால் கழுவியிருந்தாள். கொப்பியை நீட்டினேன். அவள் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள், ஆனாலும் விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அந்த விரல் நகர்கிற வேகம் இருக்கிறதே, என் பிராணனை வாங்கியது.

"பேரெல்லாம் மாத்திட்டேன்க்கா" என்றேன்.

"சும்மா இரு, வாசிக்கிறேன்ல."

கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள். "சேல நீலமா?" என்றாள்.

"மாத்திட்டேன்."

"பச்ச."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி எதையோ தேடினாள். "நீ எங்க?" என்றாள்.

"என்னக்கா?"

"பேக்கரிகிட்ட நின்னியே. அது எங்க?"

இத்தனை வருசமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் ஒன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். வந்து போவாதக்கான்னு சொல்லுவ, இல்லாட்டி போயிட்டு வாக்கான்னு சொல்லுவ. ரெண்டுல ஒன்னு சொல்லுவன்னு நெனச்சேன். நீ பாட்டுக்குப் போயிட்ட." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"வேணாம்னா கிழிச்சுப் போட்டுர்றேன்க்கா."

"கிழிக்காத. கொண்டுபோய் வாசி. பேசுறவங்க எதுக்குத்தான் பேசல. ஆனா தங்கச்சிக்காரி ஏன் கிட்ட வரலன்னு எழுதிட்டு வாசி. எனக்கும் தெரியணும்ல." கொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். எட்டு மாதமாக வராதது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அக்கா போய்விட்டால் இரண்டு பிள்ளைகளும் என் தலையில் விழுமே என்று பயந்தேன். கிட்டப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் போகக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேதான் வீடு வரைக்கும் நடந்தேன், அவளுக்காக இல்லை. இதைத்தான் எழுதினேன். கதை முடிந்துவிட்டது.

அடுத்த முறை கட்டாயம் கொண்டு வர வேண்டும் என்கிறார் அண்ணன். ஹட்டனில் வாசிக்க எனக்கு இப்போது பயமில்லை. அக்காதான் போனில் பேசும்போதெல்லாம், "எழுதிட்டியா?" என்று கேட்கிறாள்.

இன்னும் முடியலக்கா என்கிறேன்.