கழியில் இரண்டாவது வெட்டு

லியோனா பெரியம்மா சொன்னால்தான் எங்கள் ஏரியில் நெல் தட்டப் படகு இறங்கும். கதிர் முற்றியதைப் பார்த்து, அறுவடைக்கு ஏரியைத் திறந்துவிட ஒருவர் என்பது எங்கள் ஒஜிப்வே பழங்குடி வழக்கம். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கில் எங்கள் ஊருக்கு இருபத்தாறு வருஷம் அவள்தான். தண்ணீரில் தானாக விளைந்த கதிரில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, “இன்னும் பால்தான், வீட்டுக்குப் போங்க” என்பாள். யாரும் எதிர்த்ததில்லை.

அவள் படகில் பின்னால் நின்று கழி ஊன்றியவர் அவளுடைய கொழுந்தன் ஆர்வில். பெரியம்மா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இரண்டு குச்சிகளால் கதிரைச் சாய்த்துத் தட்டுவாள். கழியில் பெரியப்பா போட்ட ஒரு வெட்டு இருந்தது. ஜூனில் நெல்லின் இலை நிமிராமல் தண்ணீர்மேல் நாடாவாகப் படுத்திருக்கும். அப்போது தண்ணீர் அந்த வெட்டைத் தாண்டினால் பயிர் வேரோடு பெயர்ந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன், ஜூனில், தண்ணீர் கூடியிருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. ஆர்வில் கழியை ஊன்றிக் காட்டினார். தண்ணீர் சரியாக வெட்டில் நின்றது.

“வயசானா ஏரியும் பெருசாத்தான் தெரியும் அண்ணி.”

அவளும் சிரித்துவிட்டாள். ஏரித் தண்ணீரை ஏற்றி இறக்கும் அணைக்கட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம் என்றிருந்தவர்களிடம், தண்ணீர் அளவோடுதான் இருக்கிறது என்று சொன்னாள். அவள் சொன்னதால் யாரும் போகவில்லை.

ஜூலையில் பயிர் வேர் மேலாக மிதந்து வந்து கரையில் அழுகியது. செப்டம்பரில் வாத்துகள் வந்து, இரண்டு சுற்று வட்டமிட்டு, இறங்காமலே போயின. படகோடு வந்து நின்றவர்களிடம் திறக்க ஒன்றுமில்லை என்றாள் பெரியம்மா. “சரியா இருக்குன்னு நீதானே சொன்ன?” என்று ஒருத்தி கேட்டாள்.

மறுநாளே பெரியம்மா அணைக்கட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். எதிர்க்கரை விடுமுறை வீட்டுக்காரர்களின் மோட்டார் படகுகளுக்காகத் தண்ணீரை ஓர் அடி உயர்த்தலாம், நெல்லுக்குக் கேடில்லை என்று எழுதி, ஆர்வில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏப்ரலிலிருந்து மதகுக்காவல் வேலையும் அவருக்குத்தான்.

“உங்க வீட்டு ஆள்தானேம்மா. அவருக்குத் தெரியாத நெல்லா?”

அங்கிருந்து நேரே ஆர்விலின் கொட்டகைக்குப் போய்க் கழியை விரலால் தடவினாள். வெட்டு புதிது. அதற்கு ஓர் அடி கீழே பழைய வெட்டு, பைன் பிசினால் அடைத்து, மேலே கரி பூசியிருந்தது.

ஆர்வில் வாசலில் வந்து நின்றார். “ஒரு வருஷந்தானே அண்ணி. விதை சேத்துல கெடக்கும். மறுபடி மொளைக்கும்.”

“இத்தனை வருஷம் உனக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருந்தேன், ஆர்வில். ஒருநாள்கூடத் திரும்பிப் பாக்கத் தோணல.”

கழியை அவள் உடைக்கவில்லை. ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவரையும் இரண்டு வெட்டிலும் விரல் வைக்கச் சொன்னாள். குனிந்து பார்க்காதது தன் தப்பு என்றாள்.

அடுத்த வசந்தத்தில் தண்ணீரை இறக்கினார்கள். தெற்கு மூலையில் மட்டும் கொஞ்சம் முளைத்தது. அதை விதைக்கும் வாத்துக்குமாக விட்டுவிட்டாள். ஏரியை அவள் மறுபடி திறக்கவேயில்லை. இந்த மார்ச்சில் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

இருந்தவரை அந்த மூலையைப் பார்த்துவர என்னைத்தான் கூட்டிப்போவாள். எழுபத்தொரு வயதில் கழியை அவளே பிடித்து, பின்னால் நின்றுகொள்வாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தரமாட்டாள். “நீ முன்னால உக்காரு” என்பாள்.