பால்போல் வெளுத்த ரத்தநீர்

எண்பதுகளில் போடியில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை பார்த்தேன். குரங்கணி ஏலத்தோட்டத்துக் கங்காணி ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். குழாயில் பிரிந்து மேலே நின்ற அவருடைய ரத்தநீர் பால்போல் வெளுத்திருந்தது.

“ஏன் தம்பி இப்படி இருக்கு? சீனியத் தொட்டே வருசமாச்சு. குளிருக்குச் சாராயமும் கறியுந்தான்” என்றார்.

அது கொழுப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கேட்டது சர்க்கரை மட்டும்தான். “ஒண்ணுமில்லண்ணே, வெரசாப் போங்க, ஜீப்பு போயிரும்” என்று அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் வயிற்றுவலியில் துடித்தவரை மலையிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். கணையம் வீங்கிப்போயிருந்தது, பிழைக்கவில்லை.

“சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாட்டி கொழுப்பும் ஏறும். சாராயம் வேற. கொழுப்பு அளவுக்கு மீறுனா கணையம் வீங்கிரும். முன்னாடியே தெரியாமப் போச்சே” என்றார் டாக்டர். ரத்தநீர் வெளுத்திருந்ததை அவரிடம் மறைத்துவிட்டேன்.

“சீனியே திங்கலயேப்பா, எப்படிச் செத்தாரு?” என்று கங்காணியின் மனைவி என்னிடம் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.